அக்டோபர் பிளேஆஃபும் கல்லூரி வாலிபாலும்: இதற்கு 83 டாலர் யூடியூப் டிவி தேவையா?

அக்டோபர் நடுவில் அமெரிக்காவில் பேஸ்பால் பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்), பெண்கள் கல்லூரி வாலிபால் இரண்டையும் விடாமல் பார்க்க நினைப்பவருக்கு ஆட்ட விதிகள் தலைவலி இல்லை. எந்த ஆட்டம் எந்தச் சேனலில், எந்த ஆப்பில், எந்தச் சந்தாவில் வருகிறது என்பதுதான் இடியாப்பச் சிக்கல். கேபிளை விட்டொழித்த வீடுகளில் பலரும் யோசிக்காமல் எடுப்பது, டிவி சேனல்களை இணையம் வழியே நேரலையாகத் தரும் யூடியூப் டிவி. அடிப்படைத் திட்டம் மாதம் 82.99 டாலர். வீட்டில் மற்றவர்களும் செய்தி, சமையல், சினிமா என்று அதைப் பயன்படுத்தினால் சரி. இந்த இரண்டு விளையாட்டுக்காக மட்டும் என்றால் பாதிக்கு மேல் தண்டம்.

இதைச் சோதிக்கச் சரியான வாரம், 2025 அக்டோபர் 12 ஞாயிறு முதல் 20 திங்கள் வரை நடந்த லீக் சாம்பியன்ஷிப் வாரம், அதாவது உலகத் தொடர் என்ற இறுதிக்கு முந்தைய சுற்று. அமெரிக்கன் லீக்கில் டொரான்டோவும் சியாட்டிலும் ஏழு ஆட்டம் வரை இழுத்தன. அவை ஃபாக்ஸ், எஃப்எஸ்1 என்ற ஃபாக்ஸ் குடும்பச் சேனல்களில். நேஷனல் லீக்கில் டாட்ஜர்ஸ் மில்வாக்கியை நான்கே ஆட்டத்தில் சுருட்டியது. அது டிபிஎஸ் சேனலிலும் எச்பிஓ மேக்ஸ் ஆப்பிலும். வாலிபாலில் அதே வாரம் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) ஆட்டங்கள் சூடுபிடித்திருந்தன. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் புதனிலிருந்தே தொடங்கிவிடும். மற்றவர்களுக்கு வெள்ளியும் ஞாயிறும்தான் முக்கிய நாட்கள். ஆக, மோதல் வருவது வெள்ளி இரவில். அந்த 17-ஆம் தேதி வெள்ளியன்று கிழக்கு நேரம் மாலை 6 மணி தாண்டி சியாட்டிலில் ஐந்தாவது ஆட்டம், 8.30 தாண்டி லாஸ் ஏஞ்சலஸில் நான்காவது ஆட்டம், இடையில் 7 மணிக்கும் 8 மணிக்கும் நாடு முழுக்க வாலிபால் அரங்குகளில் முதல் சர்வ். எந்தச் சேவையாக இருந்தாலும் அந்த இரவைத் தாங்கினால் மற்ற நாட்களைத் தாங்கிவிடும்.

யூடியூப் டிவியின் பலம், எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது. ஃபாக்ஸ், எஃப்எஸ்1, டிபிஎஸ், இஎஸ்பிஎன், கான்ஃபரன்ஸ்களின் சேனல்களான பிக் டென் நெட்வொர்க், எஸ்இசி நெட்வொர்க், ஏசிசி நெட்வொர்க் எல்லாமே அடிப்படைத் திட்டத்தில் உண்டு. ரிமோட்டில் ஆப் விட்டு ஆப் தாவ வேண்டாம். பேஸ்பாலில் இன்னிங்ஸ் முடிந்த நொடியில் வாலிபாலுக்குப் போய்விடலாம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். பிளேஆஃபில் அரை இன்னிங்ஸுக்கு அரை இன்னிங்ஸ் விளம்பர இடைவேளை கிட்டத்தட்ட 3 நிமிடம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இப்படி 16, 17 இடைவேளை வரும். வாலிபாலில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் அரை நிமிடம் போல ஆகும் என்று வைத்தாலும், ஒரு இடைவேளையில் ஐந்தாறு ராலி பார்க்கலாம். ஒரே ஆப்புக்குள் சேனல் மாற்ற இரண்டு மூன்று விநாடி போதும். ஃபாக்ஸின் சொந்த ஆப்பான ஃபாக்ஸ் ஒன்னிலிருந்து வெளியேறி இஎஸ்பிஎன் ஆப்பைத் திறந்து, ஆட்டத்தைத் தேடி, அது ஓடத் தொடங்குவதற்குள், டிவியில் செருகும் பழைய ரோக்கு குச்சியில் அரை நிமிடம் போய்விடும். திரும்பி வரவும் அதே அளவு. மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தே கழியும்.

மல்டிவியூ பற்றி விளம்பரத்தில் பேசுகிற அளவுக்கு இந்த ரசிகருக்கு அது உதவாது. ஒரே திரையில் நான்கு ஆட்டம் வரை காட்டும், எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் ஒலி வரும், அதுவரை அருமை. ஆனால் 2025 இலையுதிர் காலத்தில் பெரும்பாலான சேர்க்கைகள் அவர்களே முன்கூட்டிக் கட்டி வைத்தவை. வெள்ளி, சனிக்கிழமைகளில் அந்தக் கட்டங்களைக் கல்லூரி ஃபுட்பால் விழுங்கிவிடும். எஃப்எஸ்1 பேஸ்பாலையும் பிக் டென் நெட்வொர்க் வாலிபாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த சேர்க்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் அப்போது நாமே கட்ட முடியவில்லை. இதற்காக மட்டும் யூடியூப் டிவி எடுக்காதீர்கள். இஎஸ்பிஎன் ஆப்பின் ஆப்பிள் டிவி பதிப்பில் நான்கு ஆட்டங்களை நாமே தேர்ந்தெடுத்து அடுக்கலாம். எஸ்இசி, ஏசிசி வாலிபால் பார்ப்பவருக்கு அதுவே வசதி. ஆனால் அதில் டிபிஎஸ்ஸும் ஃபாக்ஸும் வராது.

பதிவு வசதியில்தான் யூடியூப் டிவி உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. இடக் கட்டுப்பாடு இல்லை, ஒன்பது மாதம் வைத்திருக்கும். அணியின் பெயரைச் சேர்த்துவிட்டால் எந்தச் சேனலில் வந்தாலும் பதிவாகும். கோளாறு வருவது நீளத்தில். வாலிபாலுக்குச் சேனல்கள் ஒதுக்குவது 2 மணி நேரம். மூன்று செட்டில் முடிந்தால் ஒன்றரை மணி நேரம். ஐந்து செட் போனால் இரண்டரை மணி நேரம் தொடும். பிக் டென் நெட்வொர்க்கில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் இருந்தால், முதல் ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போன கையோடு இரண்டாவது ஆட்டத்தின் பதிவு தொடங்கிவிடும். அதன் முதல் அரை மணி நேரத்தில் இருப்பது முந்தைய ஆட்டத்தின் முடிவு. நேரலை விளையாட்டுக்குப் பதிவைக் கொஞ்சம் தானாகவே நீட்டுகிறார்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். பதிவு செய்யும் ஆட்டத்துக்கு அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவில் போடுங்கள். இடம்தான் எவ்வளவும் இருக்கிறதே.

பேஸ்பாலுக்கு இது இன்னும் முக்கியம். வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஒரு ஓட்டக்காரரை இலவசமாக நிறுத்தி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பார்கள். பிளேஆஃபில் அந்த விதி கிடையாது. அதன் பலன், டிட்ராய்ட்டும் சியாட்டிலும் மோதிய 2025 அக்டோபர் 10 ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனது. அதே மாதம் 27-ஆம் தேதி உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம்ரன் அடித்து அதை முடித்தபோது கிழக்குக் கரையில் விடியற்காலை 3 மணியை நெருங்கிவிட்டது. 'நாலு மணி நேரம் போதும்' என்று பதிவு போட்டவர் பதின்மூன்றாவது இன்னிங்ஸைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பதிவாகப் பார்ப்பவரின் இன்னொரு எதிரி ஸ்கோர். யூடியூப் டிவியில் லீக்கோ அணியோ தேர்ந்தெடுத்து ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது. எம்எல்பி ஆப்பிலும் அதேபோல் ஒரு அமைப்பு உண்டு. இரண்டையும் போட்டால்கூட, முகப்புத் திரையில் கோப்பையுடன் குதிக்கும் படத்தைப் போட்டுக் காரியத்தைக் கெடுப்பார்கள். பதிவுப் பட்டியலுக்கு நேராகப் போங்கள், முகப்பில் நிற்காதீர்கள். போனில் இஎஸ்பிஎன் அறிவிப்பை அணைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நேரலையாகப் பார்த்தாலும் இது தேவை, ஏனென்றால் இணைய ஒளிபரப்பு அரங்கைவிட அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல்கூடப் பின்தங்கும். ஓட்டக்காரர் மூன்றாவது பேஸில் நிற்கையிலேயே போன் 'வெற்றி' என்று துடிக்கும். யூடியூப் டிவியில் ஆட்டம் ஓடும்போது அமைப்புக்குள் போனால் ஒளிபரப்புத் தாமதத்தைக் குறைக்கும் தேர்வு இருக்கிறது. சில விநாடிகள் மிச்சமாகும். பதிலுக்கு வைஃபை லேசாகத் தடுமாறினாலே படம் உறையும். எச்டிக்கு ஒரு திரைக்கு 7 எம்பிபிஎஸ், வீட்டில் மற்றவர்களும் இணையத்தில் இருந்தால் 13 எம்பிபிஎஸ் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. தாமதத்தைக் குறைப்பதானால் டிவிக்கு வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் செருகுவது நல்லது.

இவ்வளவு வசதிக்குப் பிறகும் இது தண்டம் என்று சொல்வதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. 2025 அக்டோபர் 30 இரவு டிஸ்னியுடன் ஒப்பந்தத் தகராறில் இஎஸ்பிஎன், ஏபிசி, எஸ்இசி நெட்வொர்க், ஏசிசி நெட்வொர்க் எல்லாம் யூடியூப் டிவியிலிருந்து ஒரே வீச்சில் போயின. திரும்பி வந்தது நவம்பர் 14 அன்று. உலகத் தொடர் ஃபாக்ஸில் இருந்ததால் பேஸ்பால் ரசிகருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாலிபால் ரசிகருக்கோ தேசியக் கோப்பைக்கான என்சிஏஏ போட்டிக்கு இடம் பிடிக்க அணிகள் முட்டி மோதும் இரண்டு வாரம் பறிபோனது. அந்தச் சீசனின் இறுதி ஆட்டத்தில் மோதிய டெக்சஸ் ஏ அண்ட் எம், கென்டக்கி இரண்டுமே எஸ்இசி அணிகள் என்பதை நினைத்துப் பாருங்கள். சந்தாதாரருக்கு 20 டாலர் வரவு தந்தார்கள். ஒரே கூரை என்பதன் மறுபக்கம் இதுதான்: கூரை ஒழுகினால் ஒதுங்க வேறு இடமில்லை.

இனி மாற்று. ஃபாக்ஸ் ஒன் 2025 ஆகஸ்ட் 21 அன்று வந்தது, மாதம் 19.99 டாலர். பலர் இதை செய்திச் சேனலுக்கான ஆப் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். இந்த ரசிகருக்கு உள்ளதிலேயே பொருத்தமான சரக்கு இதுதான். உள்ளூர் ஃபாக்ஸ், எஃப்எஸ்1, எஃப்எஸ்2 ஆகியவற்றோடு பிக் டென் நெட்வொர்க்கும் இதில் அடக்கம். அதாவது அமெரிக்கன் லீக் தொடர் முழுதும், உலகத் தொடர் முழுதும், கூடவே நெப்ராஸ்கா, பென் ஸ்டேட், விஸ்கான்சின், பர்டூ என்று வாலிபாலின் கனமான கான்ஃபரன்ஸும் 20 டாலருக்குள். 2024-இல் கோப்பை வென்ற பென் ஸ்டேட்டும், 2025-இல் தோல்வியே காணாமல் என்சிஏஏ ரீஜனல் இறுதி வரை வந்த நெப்ராஸ்காவும் இந்தக் கான்ஃபரன்ஸ்தான். பேஸ்பாலும் வாலிபாலும் ஒரே ஆப்புக்குள் இருப்பதால் மேலே சொன்ன மூன்று நிமிடத் தாவலும் இங்கே நடக்கும். யூடியூப் டிவியின் தேடலும் பதிவுப் பட்டியலும் இதைவிடச் சுத்தம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டிபிஎஸ் ஆட்டங்களுக்கு எச்பிஓ மேக்ஸ். இங்கே ஒரு குழி இருக்கிறது: விளம்பரத்துடன் வரும் மலிவுத் திட்டத்தில் நேரலை விளையாட்டு கிடையாது. ஸ்டாண்டர்ட் அல்லது பிரீமியம் வேண்டும். ஸ்டாண்டர்ட் 16.99 டாலராக இருந்தது, 2025 அக்டோபர் 21-இலிருந்து 18.49. மலிவுத் திட்டத்தை எடுத்துவிட்டு ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பூட்டுப் படத்தைப் பார்த்துத் திட்டுபவர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் இருக்கிறார்கள். லீக் சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய சுற்றான டிவிஷன் தொடர் தொடங்கும் நாளில் எடுத்து, எடுத்த கையோடு ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை ஓடும். லீக் சாம்பியன்ஷிப் தொடர் ஏழு ஆட்டம் போனாலும் ஒரு மாதத்துக்குள் டிபிஎஸ்ஸின் வேலை முடிந்துவிடும், உலகத் தொடர் எப்படியும் ஃபாக்ஸில்தான். இதற்கு இரண்டாவது மாதம் கட்டுவது வீண். ஒரு மாதத்துக்கு இது தகுமா என்றால், அந்த வெள்ளி இரவு ஒன்றே போதும். டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓடானி முதல் இன்னிங்ஸில் முதல் ஆளுக்கு வாக் (இலவசமாக முதல் பேஸ்) கொடுத்தார், அடுத்த மூவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், பந்தை வைத்துவிட்டு மட்டையோடு வந்து ஹோம்ரன் அடித்தார். ஆட்டம் முடியும்போது ஆறு இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 10 ஸ்ட்ரைக்அவுட், கையில் 3 ஹோம்ரன். அதே மாலை ஃபாக்ஸ் பக்கத்தில் எட்டாவது இன்னிங்ஸில் சியாட்டிலின் யூஹெனியோ சுவாரெஸின் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்). ஹைலைட்ஸில் பார்த்தால் இரண்டும் வெறும் இரண்டு நிமிடக் காணொளி.

அந்த வாரத்து விலையில் கணக்கு போட்டால், ஃபாக்ஸ் ஒன் 19.99, எச்பிஓ மேக்ஸ் 16.99, மொத்தம் 36.98 டாலர். யூடியூப் டிவியைவிட 46 டாலர் குறைவு.

இஎஸ்பிஎன் பக்கம்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இரண்டு அடுக்கு இருக்கிறது. முன்பு இஎஸ்பிஎன் பிளஸ் என்று இருந்தது இப்போது இஎஸ்பிஎன் செலக்ட், 2025 அக்டோபர் விலையேற்றத்துக்குப் பிறகு 12.99 டாலர். பிக் 12 வாலிபால் ஆட்டங்களில் பெரும்பகுதி இதிலேயே வருகிறது. பிஒய்யு, டிசியு, அரிசோனா ஸ்டேட் ரசிகருக்கு இது போதும். எஸ்இசி, ஏசிசி அணிகளுக்கு இது போதாது. எஸ்இசி நெட்வொர்க் பிளஸ், ஏசிசி நெட்வொர்க் எக்ஸ்ட்ரா என்ற பெயரில் ஆப்பில் மட்டும் வரும் ஆட்டங்கள் செலக்ட்டில் திறக்காது. ஒன்று அந்தச் சேனல்கள் உள்ள கேபிள் அல்லது யூடியூப் டிவி கணக்கால் உள்நுழைய வேண்டும், இல்லையென்றால் 29.99 டாலர் அன்லிமிடெட் வேண்டும். டெக்சஸ், லூயிவில், ஸ்டான்ஃபோர்ட், பிட்ஸ்பர்க் ரசிகர்கள் செலக்ட் வாங்கிவிட்டு விழிப்பது இதனால்தான். ஃபாக்ஸ் ஒன்னும் இஎஸ்பிஎன் அன்லிமிடெட்டும் சேர்ந்த கட்டு 39.99, அதோடு எச்பிஓ மேக்ஸ் அந்தப் பழைய விலையில் ஒரு மாதம் என்றால் 56.98. யூடியூப் டிவியோடு வித்தியாசம் 26 டாலராகக் குறைகிறது. எஸ்இசி அல்லது ஏசிசி அணியைப் பின்தொடர்ந்து, பதிவு செய்து பார்க்கும் பழக்கமும் உள்ளவர் யூடியூப் டிவிக்கே போகலாம். நியாயமான விதிவிலக்கு இது ஒன்றுதான்.

பிக் டென் பிளஸ் தனிக் கதை. பிக் டென் நெட்வொர்க்கில் வராத ஆட்டங்கள் இங்கே. யூடியூப் டிவி கணக்கு இருந்தாலும் இது சேராது, தனியாகக் கட்ட வேண்டும். மொத்தக் கான்ஃபரன்ஸுக்கு வாங்காதீர்கள். ஒரே பள்ளிக்கான சந்தா மலிவு. பெரும்பாலும் மாணவர்களே தயாரிக்கும் ஒளிபரப்பு, தரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு கேமரா பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும். எதிர்ப்பக்க எல்லைக்கோட்டில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. பயிற்சியாளர் சேலஞ்ச் கேட்டால் ரீப்ளே காட்டாமல் நடுவர் கணினி முன் குனிந்து நிற்பதையே காட்டுவார்கள். ஸ்கோர் பலகை ஒரு புள்ளி பின்னால் ஓடும். அதற்கு மருந்து பள்ளியின் தளத்தில் இலவசமாக வரும் நேரடிப் புள்ளிவிவரம். யார் கில் (புள்ளி தரும் அடி) அடித்தார், எந்தச் சுழற்சியில் சர்வ் தங்கி நிற்கிறது என்பதெல்லாம் அதில் படத்துக்கு முன்பே வந்துவிடும். வர்ணனை செய்யும் மாணவர்கள் சில இடங்களில் தேசிய சேனல் ஆட்களைவிட அணியை நன்றாக அறிந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 முதல் வாலிபாலில் இரண்டாவது தொடுகையில் இரட்டைத் தொடுகை குற்றமில்லை என்றான பிறகும் 'டபுள்!' என்று கத்தும் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் இருந்தார்கள். மாணவர்களிடம் அந்தத் தடுமாற்றம் குறைவு.

எம்எல்பி டிவி ஏற்கெனவே வைத்திருப்பவர் கவனிக்க: அமெரிக்காவுக்குள் பிளேஆஃப் நேரலை அதில் தானாகத் திறக்காது. சேனலுக்கான கேபிள் கணக்கு கேட்கும். ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கவும் வானொலி வர்ணனை கேட்கவும் உதவும். வாலிபாலைப் பெரிய திரையில் வைத்து, பேஸ்பாலை ஒரு காதில் வானொலியாகக் கேட்பது வெள்ளி இரவுக்கு மிக நல்ல ஏற்பாடு. பேஸ்பால் காதுக்கு ஏற்ற ஆட்டம். வாலிபாலைக் கேட்டு ஒன்றும் புரியாது. பேஸில் ஆள் இருக்கையில் பந்து வீச 18 விநாடிக் கடிகாரம் ஓடுவதால், வர்ணனையாளரின் குரல் ஏறத் தொடங்கியதும் திரையை மாற்ற நேரம் கிடைத்துவிடும்.

ஆன்டெனாவையும் மறக்க வேண்டாம். உள்ளூர் ஃபாக்ஸ் காற்றிலேயே எச்டியில் இலவசமாக வருகிறது. நகருக்குள் இருப்பவருக்குச் சன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனாவே போதும். இணைய ஒளிபரப்பைவிட முன்னால் ஓடும் என்பது கூடுதல் லாபம். உலகத் தொடர் மொத்தமும் இப்படிப் பார்த்துவிடலாம். ஆனால் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் நடு ஆட்டங்கள் எஃப்எஸ்1-இல் போனதால் ஆன்டெனா மட்டும் வைத்திருந்தவர்கள் அந்த வாரம் பாதியில் நின்றார்கள்.

2026-க்கு இதே கணக்கை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டு இஎஸ்பிஎன்னிலிருந்து என்பிசிக்கும் அதன் பீகாக் ஆப்புக்கும் போகிறது. அந்தச் சுற்றுக்கு மட்டும் பீகாக் ஒரு மாதம் எடுக்கலாம், பிக் டென் வாலிபாலில் சில ஆட்டங்களும் அதில் வரும். ஃபாக்ஸும் டிபிஎஸ்ஸும் லீக்குகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்வதால் 2026-இல் நேஷனல் லீக் ஃபாக்ஸுக்கு, அமெரிக்கன் லீக் டிபிஎஸ்ஸுக்கு. உங்கள் அணி எந்த லீக் என்று பார்த்துவிட்டு எச்பிஓ மேக்ஸ் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். டாட்ஜர்ஸ் ரசிகரும் பென் ஸ்டேட் ரசிகருமாக ஒரே ஆள் இருந்தால், அந்த அக்டோபரின் லீக் சாம்பியன்ஷிப் வாரத்துக்கு ஃபாக்ஸ் ஒன் ஒன்றே போதும்.